பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும்: கணினிக் கிரிக்கெட்டின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இங்கே நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வாசிப்புக்கும் நெருக்கமானது. ஒரு தொடரின்மீது பற்றுக் கொண்டுவிட்டவர்கள், அதே தொடரில் குறைகளோடு வந்து நிற்கும் புதிய வரவை எப்படி எதிர்கொள்கிறார்கள், எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதே அந்த விஷயம். தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை எழுதினார். அதன் முடிவை மாற்றி வைத்துக்கொண்டு 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை உருவாக்கினார். 1978இல் அதே கங்காவின் கதையை 'கங்கை எங்கே போகிறாள்' என்று மேலும் நீட்டினார். முதலிரண்டையும் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மூன்றாவதை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் படித்துவிட்டுத் தள்ளியவர்கள் எத்தனை பேர், படிக்காமலே தள்ளியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

கணினி விளையாட்டுகளில் இந்த நாடகம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நாவலாசிரியன் மூன்றாவது நாவலை எழுதாமலும் இருக்கலாம். விளையாட்டுத் தயாரிப்பாளருக்கோ ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக ஒன்றை விற்றாக வேண்டும். ஆகவே பழையதும் புதியதும் மோதிக்கொள்ளும் தருணங்கள் அடிக்கடி வருகின்றன. நம் நாட்டில் அந்த மோதல் மிகத் தீவிரமாக நடந்த களம், வேறென்ன, கிரிக்கெட்தான்.

*

இந்தியச் சிற்றூர்களில் 1980களின் இறுதியிலோ 90களிலோ பிறந்த எவரிடமும் கணினியில் ஆடிய கிரிக்கெட் எது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும்: 'கிரிக்கெட் 07'. இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2006 நவம்பரில், ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடர் தொடங்கவிருந்த வேளையில், அதை வெளியிட்டது. உருவாக்கியவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் லூனென்பர்க் என்ற சிறிய துறைமுக ஊரைச் சேர்ந்த எச்.பி. ஸ்டூடியோஸ். கிரிக்கெட்டை ஏறக்குறைய அறியாத ஒரு நாட்டின் மீனவர் ஊரிலிருந்து புறப்பட்ட விளையாட்டு, மங்கலம்பேட்டை போன்ற ஊர்களின் விடுமுறை நாட்களை ஆண்டது என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

மங்கலம்பேட்டை, விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி. வீட்டுக்கு வீடு கணினி இல்லாத அந்தக் காலத்தில், இவ்வூர்களின் பையன்களுக்கு பிரௌசிங் சென்டர்தான் சேப்பாக்கம் மைதானம். இணையம் மெதுவாக வரும், சில நாள் வரவே வராது. ஆனால் கணினியில் ஏற்றி வைத்த கிரிக்கெட்டுக்கு இணையம் தேவையில்லை. ஒரே விசைப்பலகையை இருவர் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் அம்புக்குறி விசைகளோடும் மற்றவர் எழுத்து விசைகளோடும் தோள் உரச உட்கார்ந்து ஆடுவார்கள். பின்னால் நால்வர் நின்று ஆலோசனை சொல்வார்கள். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டில், சேமித்து வைக்காத சதங்கள் எத்தனையோ மறைந்து போயின. அங்கே சுற்றிய வட்டுகளில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்கிய அசல் அல்ல, நகல்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த விளையாட்டின் இந்தியப் பரவலில் நகல் வட்டுக்கு இருந்த பங்கை எந்த வரலாறும் விட்டுவிட முடியாது.

இவ்வளவு நேசிக்கப்பட்ட அந்த விளையாட்டு வந்தபோது எப்படி இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அது நிறையக் குறைகளோடு வந்தது. 'கிரிக்கெட் 2005'ஐ ஆடியவர்கள் பலர், பழைய பாத்திரத்துக்குப் புது ஈயம் பூசியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். மட்டை வீச்சுக்கு 'செஞ்சுரி ஸ்டிக்' என்ற பெயரில் ஒரு புதிய கட்டுப்பாட்டு முறையைக் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் அதற்குக் கைப்பிடிக் கருவி வேண்டும், விசைப்பலகையை மட்டுமே அறிந்த நம்மூர்க்காரனுக்கு அதனால் பயனில்லை. குறிப்பிட்ட பந்துக்குக் குறிப்பிட்ட அடியைத் தெரிந்துகொண்டால் பந்து ஒவ்வொரு முறையும் எல்லைக்கோட்டுக்கு ஓடும். கணினி ஆடும் அணி தன் தவறிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. விமர்சகர்கள் நடுத்தரமான மதிப்பெண்களே கொடுத்தார்கள். இந்திய ரசிகனுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று இருந்தது. உரிமம் பெறாத காரணத்தால், இந்திய வீரர்களின் உண்மையான பெயர்கள் அதில் இல்லை. டெண்டுல்கர் இறங்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் இறங்கினார்.

ஆக, இன்று குறையற்ற பொற்காலமாக நினைவுகூரப்படும் 'கிரிக்கெட் 07' பிறந்தபோது, தொடரில் குறைகளோடு வந்த இன்னொரு புதுவரவுதான். அதை நேசத்துக்குரியதாக மாற்றியது அடுத்து நடந்த ஒன்று.

*

ஆடியவர்களே அதைப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். 'பிளானட் கிரிக்கெட்' போன்ற இணையக் குழுமங்களில் கூடிய ரசிகர்கள் விளையாட்டின் கோப்புகளைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். முதலில் வீரர்களின் பெயர்களைத் திருத்தினார்கள். பிறகு முகங்களை வரைந்தார்கள், சீருடைகளை மாற்றினார்கள், மட்டைகளில் ஒட்டியிருக்கும் நிறுவன முத்திரைகள் வரை சரி செய்தார்கள். மைதானங்களைப் புதுப்பித்தார்கள். தொலைக்காட்சியில் தெரிவது போன்ற மதிப்பெண் பலகையைத் திரையின் அடியில் கொண்டு வந்தார்கள்.

ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியது 2008 ஏப்ரலில். அதாவது அந்த விளையாட்டு வெளிவந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு. அப்படியிருந்தும் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சீருடையில் தோனி 'கிரிக்கெட் 07'இல் களமிறங்கினார். தயாரித்தவர்கள் கற்பனைகூடச் செய்திராத போட்டியை ரசிகர்கள் தங்கள் கையால் அதற்குள் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏலம் முடிந்தவுடன் புதிய அணிப்பட்டியல் வந்துவிடும். அந்தப் பட்டியல் மங்கலம்பேட்டைக்கு இணையத்தில் நேராக வராது. விருத்தாசலத்திலோ கடலூரிலோ கல்லூரியில் படிக்கும் அண்ணன் ஒருவர் பென் டிரைவில் கொண்டு வருவார். அவர் வந்த அன்று கடையில் கூட்டம் அலைமோதும்.

தமிழ் வாசகருக்கு இந்தச் செயல்முறை பழக்கமானதே. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள், விட்டுப்போன இடத்தை நிரப்பினார்கள், சில வேளை தங்கள் சரக்கையும் சேர்த்தார்கள். நம் கையில் உள்ள பழைய நூல்கள் பல அப்படிப் பலர் கை பட்டு வந்தவை. 'கிரிக்கெட் 07'உம் ஒருவகையில் பல கை பட்ட ஏடு. நாம் நினைவில் வைத்துப் போற்றும் அந்த விளையாட்டை எச்.பி. ஸ்டூடியோஸ் மட்டும் செய்யவில்லை. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ரசிகர்கள் செய்தார்கள். கணினிக்கான கிரிக்கெட் வரிசையில் இ.ஏ. அத்தோடு நிறுத்திக்கொண்டது, அந்த வட்டு இன்று முறையான விற்பனையிலும் இல்லை. வர்ணனையில் ஒலித்த ரிச்சி பெனோவும் 2015இல் மறைந்துவிட்டார். ஆனால் அந்தக் குரல் இன்றும் எங்கோ ஒரு பழைய கணினியில் பேசிக்கொண்டிருக்கிறது.

இதை நினைவில் இருத்திக்கொண்டு அடுத்து வந்தவற்றைப் பார்க்க வேண்டும்.

*

'கிரிக்கெட் 07' வந்த சில மாதங்களிலேயே, 2007 உலகக் கோப்பையை ஒட்டி, கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் தன் பிரையன் லாரா வரிசையில் புதிய விளையாட்டைக் கொண்டு வந்தது. இந்தியாவில் அது யுவராஜ் சிங் பெயரில் விற்பனைக்கு வந்தது. பெட்டியின்மேல் நம் வீரரின் பெயர் வந்ததே தவிர, பழைய விளையாட்டின்மீதிருந்த பிடிப்பை அது அசைக்கவில்லை. அந்த உலகக் கோப்பையில் இந்திய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் சேர்ந்துகொண்டது. அந்நிறுவனம் 2009லும் 2010லும் மேலும் இரண்டு விளையாட்டுகளை வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிறகு சில ஆண்டுகள் பெரிய அளவில் எதுவும் வரவில்லை.

அந்த வறட்சியில் வந்தது 'ஆஷஸ் கிரிக்கெட் 2013'. மெல்பர்னைச் சேர்ந்த டிரிக்ஸ்டார் கேம்ஸ் உருவாக்கி, 505 கேம்ஸ் வெளியிட்டது. 2013 கோடையில் இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் தொடருக்கு வந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், நவம்பரில் ஆஸ்திரேலியத் தொடர் தொடங்கும்போது கணினிக்கு மட்டும் வெளியாயிற்று. வெளியான சில நாட்களில் வெளியிட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அந்த விளையாட்டில் பதிவான சிரிப்பூட்டும் காட்சிகள் இணையமெங்கும் சுற்றின. வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் எல்லை எது என்பதற்கு இது நல்ல உதாரணம். வேகாத பானையைச் சந்தைக்குக் கொண்டு வந்துவிட்டு, வாங்குகிறவரின் பொறுமையைக் கேட்பது நியாயமாகாது.

அடுத்த ஆண்டே, 2014 ஏப்ரலில், அதே மெல்பர்னிலிருந்து பிக் ஆண்ட் ஸ்டூடியோஸின் 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' வந்தது. இதிலும் குறைகளுக்குப் பஞ்சமில்லை. முகங்கள் மரத்தில் செதுக்கியவை போலிருந்தன. களத்தடுப்பாளர்கள் சில சமயம் பந்து எங்கே போகிறது என்று தெரியாதவர்கள் போல நின்றார்கள். பெரும்பாலான அணிகளுக்கு உரிமமும் இல்லை. ஆனால் அது இரண்டு காரியங்களைத் துணிந்து செய்திருந்தது.

முதலாவது, ஆடும் விதம். அதுவரை வந்த விளையாட்டுகளில் பந்து எங்கே குத்தப்போகிறது என்று தரையில் ஒரு குறி தெரியும். அதைப் பார்த்து விசையை அழுத்தினால் போதும். புதிய விளையாட்டு அந்தக் குறியை எடுத்துவிட்டது. மட்டையாளருக்குப் பின்னால் நின்று, பந்துவீச்சாளரின் கையிலிருந்து பந்து புறப்படுவதைக் கண்ணால் பார்த்து, ஒரு கையால் காலை நகர்த்தி, மறு கையால் மட்டையை வீச வேண்டும். 'கிரிக்கெட் 07'இல் இருபது ஓவருக்கு முந்நூறு ஓட்டம் எடுத்துப் பழகியவர்கள் இங்கே பத்து ஓட்டத்துக்குள் சுருண்டார்கள். பலர் முதல் நாளே கைகழுவினார்கள். ஒரு வாரம் பொறுத்தவர்களுக்கு மட்டும், ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விடுவது எவ்வளவு பெரிய இன்பம் என்பது புரிந்தது. அந்த இன்பத்தைப் பழைய விளையாட்டு ஒருபோதும் தந்ததில்லை. தந்ததில்லை என்பதே அதுவரை நமக்குத் தெரியாது.

இரண்டாவது, 'கிரிக்கெட் அகாடமி' என்ற வசதி. ஆடுகிறவர்களே வீரர்களை வடிவமைத்துப் பகிர்ந்துகொள்ளலாம். ரசிகர்கள் பழைய விளையாட்டில் கோப்புகளைத் திருட்டுத்தனமாகத் திறந்து செய்த வேலைக்கு, இந்த விளையாட்டு முன்வாசலைத் திறந்துவிட்டது. உரிமம் இல்லாத குறை சில நாட்களில் ரசிகர்களாலேயே தீர்ந்தது. குறையுள்ள முந்தைய படைப்பை அதன் ரசிகர்கள் எப்படி வாழவைத்தார்கள் என்பதைக் கவனித்திருந்த ஒருவரால்தான் இப்படி யோசித்திருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த வரிசை 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 17', 'ஆஷஸ் கிரிக்கெட்', 'கிரிக்கெட் 19' என்று நீண்டது. 2021 டிசம்பரில் 'கிரிக்கெட் 22', 2023 அக்டோபரில் 'கிரிக்கெட் 24' வந்தபோது, பழைய 'கிரிக்கெட் 19' எவ்வளவு நன்றாக இருந்தது என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. நேற்றுவரை ஏச்சு வாங்கியது இன்று ஏக்கத்துக்குரியதாகிவிடுகிறது. காலம் செய்யும் இந்த மாயத்தை ஒவ்வொரு தலைமுறையும் முதல்முறையாகக் காண்பது போலவே காண்கிறது.

*

நம் கிரிக்கெட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'செல்டா' வரிசையில் 1998இல் வெளியிட்ட விளையாட்டு பெரும் புகழ் பெற்றது. அடுத்த தலைமுறைக் கருவிக்கு அதைவிடக் கம்பீரமான ஒன்றை ரசிகர்கள் எதிர்பார்த்திருந்தபோது, 2001இல் காட்டப்பட்ட முன்னோட்டத்தில் கதாநாயகன் குழந்தைகளுக்கான கேலிச்சித்திரம் போல வந்து நின்றான். ரசிகர்கள் கொதித்தார்கள். 2002 டிசம்பரில் வெளியான அந்த 'விண்ட் வேக்கர்', இன்று அதே வரிசையின் அழகிய படைப்புகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதன் கோட்டோவிய அழகு வயதாகவில்லை. அதே காலத்தில் நிஜம் போலத் தோற்றம் காட்டிய பல விளையாட்டுகள் இன்று பார்க்கப் பரிதாபமாக இருக்கின்றன.

இன்னொரு கதை இதைவிடத் தீவிரமானது. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேண்டஸி' வரிசையில் பதினான்காவது, 2010 செப்டம்பரில் வந்து படுதோல்வி அடைந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, டிசம்பரில் நவோக்கி யோஷிதா என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஒருபக்கம் உடைந்த விளையாட்டைத் தொடர்ந்து செப்பனிட்டுக்கொண்டே, மறுபக்கம் அதை அடியோடு புதிதாகக் கட்டினார்கள். 2012 நவம்பரில் பழையதை மூடியபோது, அந்த உலகம் அழிவதையே கதையின் ஒரு பகுதியாக ஆக்கினார்கள். நிலவிலிருந்து இறங்கிய நாகம் எல்லாவற்றையும் எரித்தது. 2013 ஆகஸ்டில் புதிய உலகம் பிறந்தது, பெருவெற்றி பெற்றது. உடைந்த விளையாட்டை இரண்டாண்டுக் காலம் விடாமல் ஆடிக்கொண்டிருந்த சிறு கூட்டம் இல்லாதிருந்தால், யாருக்காக அதை மறுபடி கட்டுவது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

*

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். கைப்பேசி வந்ததும் பிரௌசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாயின, கிரிக்கெட் பையன்களின் சட்டைப்பைக்குள் போயிற்று. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவற்றில் ஒன்று சென்னையில் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. சென்னையைச் சேர்ந்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா நிறுவனத்தின் 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசையில் இரண்டாவது, 2015இல் வந்தது. 'டபிள்யூ.சி.சி. 2' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அது, விலை குறைந்த கைப்பேசியிலும் ஓடியது. மழை குறுக்கிடும், மூன்றாம் நடுவர் வருவார், மட்டையாளர் களத்துக்கு வந்து நின்று தலைக்கவசத்தைச் சரிசெய்துகொள்வார். வீரர்களின் பெயர்களை ஆடுகிறவரே திருத்திக்கொள்ளும் வசதியும் இருந்தது. 'கிரிக்கெட் 07'க்குப் பின் பிறந்த தலைமுறைக்கு இதுவே முதல் காதல்.

2020இல் 'டபிள்யூ.சி.சி. 3' வந்தது. மனித அசைவுகளைப் பதிவு செய்து உருவாக்கிய இயக்கங்கள், ஓர் இளம் வீரனாகத் தொடங்கி மேலே வரும் நெடுங்கதை என்று பெரிய கனவோடு வந்தது. கூடவே மனக்குறைகளும் வந்தன. பழைய கைப்பேசிகளில் அது திணறியது. இரண்டாவதில் விரல் நுனியில் பழகியிருந்த நேரக்கணக்கு இதில் செல்லவில்லை. இலவச விளையாட்டுகளுக்கே உரிய விளம்பரங்களும், எதைத் திறக்கவும் கேட்கும் நாணயங்களும் எரிச்சலூட்டின. இரண்டாவதையே திரும்பக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டவர்கள் பலர்.

ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. அந்த விளையாட்டு தமிழில் பேசியது.

இதன் அருமையை உணர அதே 2020இன் டிசம்பரில் நடந்த ஒரு மறைவை நினைவுகூர வேண்டும். வானொலியில் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனைக்கு வழி வகுத்தவர்களில் முதன்மையானவரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அம்மாதம் காலமானார். ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே கிரிக்கெட்டுக்குரிய மொழிகள் என்று எண்ணப்பட்ட காலத்தில், மைதானத்தில் நடப்பதைத் தமிழில் சொல்ல முடியும், சுவையாகவும் சொல்ல முடியும் என்று காட்டியவர் அவர். அந்த வழி தொலைக்காட்சிக்கு வந்து, 2017இல் விளையாட்டுக்கெனத் தனித் தமிழ் அலைவரிசை தொடங்கியபோது இன்னும் அகலமாயிற்று. அது கடைசியில் கைப்பேசி விளையாட்டையும் எட்டியது. முன்னாள் இந்திய வீரர் அபினவ் முகுந்த் உள்ளிட்டோரின் குரல்களோடு பல இந்திய மொழிகளில் வர்ணனை அமைத்திருந்தார்கள். ரிச்சி பெனோவின் ஆங்கிலத்தைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மனப்பாடம் செய்த தலைமுறையின் தம்பிகள், தாங்கள் அடித்த நான்கு ஓட்டத்தைத் தமிழில் கேட்டார்கள். வர்ணனை சில ஓவர்களில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது என்பது உண்மைதான். ஆயினும், நாம் போற்றும் பழைய விளையாட்டு எதுவும் நம் மொழியில் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. குறைகளை எண்ணி முடித்தவுடன் விளையாட்டை நீக்கிவிட்டவருக்கு இந்த ஒன்று காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

*

குறை என்பது எல்லாம் ஒரே தரமல்ல. விருத்தாசலம் பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன ஊர் என்பதால், பக்கத்து ஊர்க்காரர்களான நமக்கு இதை அந்தத் தொழிலின் மொழியில் சொல்வது எளிது. சூளையிலிருந்து வெளிவரும் பீங்கானில் இரண்டு வகைக் குறைகள் இருக்கும். மேற்பூச்சில் ஊசித்துளை போன்ற புள்ளியோ நிறத்திட்டோ இருந்தால், மறுபடி பூசி மறுபடி சுடலாம். அப்படியும் தீராவிட்டால் இரண்டாம் தரமாக விற்கலாம், வீட்டில் பல்லாண்டு உழைக்கும். உடலில் விரிசல் விழுந்திருந்தால் எத்தனை முறை சுட்டாலும் கூடாது. தேர்ந்தவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். நல்லது மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது மழுங்கலாக ஒலிக்கும்.

'ஆஷஸ் கிரிக்கெட் 2013' உடலில் விரிசல் விட்டது. அதைத் திருப்பி அனுப்பியதே சரி. 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14'இன் குறைகள் மேற்பூச்சில் இருந்தவை. 'கிரிக்கெட் 07'இன் குறைகளும் அப்படியே. 'டபிள்யூ.சி.சி. 3'இன் நடையும் தோற்றமும் மேற்பூச்சைச் சேர்ந்தவை. விளம்பரமும் நாணயமுமாகப் பின்னப்பட்ட அதன் வியாபார முறை உடலைச் சேர்ந்ததா என்பது தனியாக விவாதிக்க வேண்டியது. வாய்ப்புக் கொடுப்பது என்று நாம் சொல்வது, சுண்டிப் பார்க்கும் அந்தச் சில கணங்களைத்தான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் இங்கே கருத வேண்டும், அது வலுவானது. பழைய வட்டு நம் கையில் இருந்தது, அதைத் திறந்தோம், திருத்தினோம். இன்றைய கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தின் கணினியோடு கட்டுண்டது. அதில் நாம் கை வைக்க முடியாது. நிறுவனம் நினைத்தால் திருத்தும், நினைத்தால் மூடும். அப்படியிருக்க, ரசிகர்கள் பொறுமையாக இருந்து ஒரு விளையாட்டை வளர்த்தெடுத்த பழைய கதை இன்று எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார்கள். பொறுமை காப்பது நாம், லாபம் அடைவது அவர்கள் என்ற கணக்கு அது.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒதுங்குவதுதான் முடிவாக வர வேண்டும் என்பதில்லை. கையால் திருத்த முடியாத இடத்தில் சொல்லால் திருத்தலாம். பெனோ காலத்து ரசிகன் கோப்பைத் திறந்து செய்த வேலையை, இன்றைய ரசிகன் தெளிவான விமர்சனத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் பழையதே மேல் என்று எழுதினால், தயாரிப்பாளர் அதிலிருந்து கற்கும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் மாற்றாதே. எந்தப் பந்து எந்த இடத்தில் தவறாகப் போகிறது, எந்த மாற்றம் துணிச்சலானது, எது பணம் பறிக்க மட்டும் வைக்கப்பட்டது என்று பிரித்துச் சொன்னால் அதில் வேறு பாடம் இருக்கும். சிறுபத்திரிகைகளின் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல விமர்சகர் எழுத்தாளரின் அடுத்த நூலை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த நூலைத் திட்டுகிறார்.

இதில் இன்னொரு தரப்பும் உண்டு. நாம் தள்ளிவிட்ட புதுவரவுதான் யாரோ ஒரு சிறுவனுக்கு முதல் வரவு. அவனுக்கு ஒப்பிட வேறொன்றில்லை. நாம் குறையென்று காட்டுவதன் நடுவே அவன் தன் முதல் சதத்தை அடித்துக்கொண்டிருக்கிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து அவன் 'டபிள்யூ.சி.சி. 3'ஐப் பற்றி, நாம் 'கிரிக்கெட் 07'ஐப் பற்றிப் பேசும் அதே குரலில் பேசப்போகிறான். அப்போது வந்திருக்கும் ஏழாவதையோ எட்டாவதையோ பார்த்து முகம் சுளிக்கவும் போகிறான்.

அவனுக்கும் நமக்கும் சேர்த்து வரலாறு சொல்வது இவ்வளவுதான். நாம் நேசிக்கும் பழையது எதுவும் நாம் நேசிக்கும் நிலையில் பிறக்கவில்லை. குறைகளோடு வந்த ஒன்றுக்கு யாரோ சில மாலைகளைக் கொடுத்தார்கள், சிலர் பல ஆண்டுகளைக் கொடுத்தார்கள், அதனால் அது நிலைத்தது. அடுத்த முறை பிடித்த தொடரில் பிடிக்காத ஒன்று வந்து நிற்கும்போது, அது விளையாட்டானாலும் நாவலானாலும், சில மாலைகளையாவது கொடுத்துப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஓசை எழாவிட்டால் திரும்ப வைத்துவிடலாம். 'கங்கை எங்கே போகிறாள்' நூலகத்தில் பெரும்பாலும் அலமாரியிலேயேதான் இருக்கிறது, எடுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.